இரண்டு பாரங்களும் ஓர் உருதுப் பாட்டும்

1

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். இடது கண்ணில் புரை. எட்டு மாதம் காத்திருந்து வந்த அழைப்பு. வட இங்கிலாந்தில், ஒரு காலத்தில் கம்பளி ஆலைகள் நிறைந்திருந்து இப்போது அந்த இடமெல்லாம் கார் நிறுத்துமிடங்களாகிவிட்ட ஓர் ஊரில் ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். குளிர் இன்னும் பழகவில்லை. காத்திருப்பது பழகிவிட்டது.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே நர்ஸுடன் இன்னொரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். காதில் பெரிய வெள்ளி வளையம், கழுத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று எழுதிய அட்டை. என்னைப் பார்த்ததும் மரியாதையாகச் சலாம் சொல்லிவிட்டு உருதுவில் மடமடவென்று பேச ஆரம்பித்தாள். நான் திருதிருவென்று விழித்தேன். நர்ஸ் என் காதருகே குனிந்து, செவிடனுக்குச் சொல்வதுபோல, "இவங்க உங்க மொழியில பேசுவாங்க, மிஸ்டர் ஜக்கரியா" என்றாள்.

"அது என் மொழி இல்லைம்மா."

நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். மொழி என்ற கட்டத்தில் உருது என்றுதான் இருக்கிறது, வெகு காலமாக இருக்கிறது என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவனுக்குக் கண்ணில் மட்டுமல்ல, மண்டையிலும் ஏதோ என்று முடிவு கட்டியாயிற்று. எனக்குக் கோபம் வந்தது. உட்கார்ந்து யோசித்தால் அந்தக் கோபத்துக்கு நியாயமில்லை. அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்.

இங்கே வந்த புதிதில் டாக்டரிடம் பதிந்துகொள்ளப் போனேன். பாரம் நிரப்பிய பெண் என் பெயரைப் பார்த்தாள், மொழி என்ற கட்டத்தில் தானாகவே உருது என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். பத்து மணி நேரம் ஆலையில் நின்றுவிட்டு வந்திருந்தேன். தமிழ் என்று சொன்னால் அது எங்கே பேசுகிறார்கள், எப்படி எழுதுவது என்று இன்னும் கால் மணி நேரம் நிற்க வேண்டும். போகட்டும், என்ன இப்போது என்று கையெழுத்துப் போட்டேன். அதிலிருந்து என்னைத் தேடி உருதுக் கடிதங்களாக வருகின்றன. பக்கத்திலேயே ஆங்கிலமும் இருக்கும். அதைப் படித்துக்கொள்வேன்.

ஆலையில் உடன் வேலை செய்தவர்கள் எல்லோரும் பாகிஸ்தான்காரர்கள். முசல்மானாக இருந்துகொண்டு உருது தெரியாதா என்று கேட்டுக் கேட்டு, நான் தலைக்கனம் பிடித்தவன் என்று ஒதுக்கிவிட்டார்கள். என் மகள் நஜ்மா அவர்கள் பிள்ளைகளோடு ஓதப் போய், உருதுவை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் ஆங்கிலம், பள்ளிவாசலில் உருது. தமிழுக்கு அவளிடம் இடமே இல்லாமல் போயிற்று. போனில் "அத்தா, சாப்டீங்களா" என்பாள். அந்த இரண்டு வார்த்தையோடு தமிழ் முடிந்துவிடும். சொல்லி என்ன ஆகப்போகிறது?

"அப்படியென்றால் உருதுவில் உங்களுக்கு ஒன்றுமே தெரியாதா, அங்கிள்?" என்று மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் கேட்டாள். சும்மா, நிலைமையைச் சமாளிக்கக் கேட்டதுதான்.

"ஒரு பாட்டு தெரியும். முழுசா."

சிரித்தாள். சொல்லுங்கள் பார்ப்போம் என்றாள். சொன்னேன். இரண்டாவது வரியில் அவள் சிரிப்பு நின்றது. மூன்றாவது வரியில் அவளும் கூடச் சேர்ந்து சொன்னாள்.

2

அந்தப் பாட்டு எனக்கு ரஹீம் மச்சானிடமிருந்து வந்தது. என் அக்காவின் கணவர். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். மச்சான் பத்து வயதில் பம்பாய்க்குப் போய், ஆலைகள் நிறைந்த ஒரு தெருவில் டீக்கடையில் வேலை பார்த்து, பதினைந்து வருஷம் கழித்து எங்கள் ஊர் நெல்லிக்குப்பத்துக்குத் திரும்பி வந்தவர். வரும்போது ஒரு தகரப் பெட்டி, கட்டை அழுத்திக் கம்பி மீட்டுகிற ஒரு புல்புல்தாரா, மண்டை நிறைய உருதுப் பாட்டு. அவ்வளவுதான் சொத்து. ஊரில் கரும்பு வண்டி ஓட்டினார்.

அவருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போனதில்லை. ஓதுகிற இடத்தில் அரபு எழுத்துப் படித்திருந்தார். எங்கள் பக்கத்து முஸ்லிம்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது, தமிழையே அரபு எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். மச்சான் பம்பாயிலிருந்து வீட்டுக்குப் போட்ட கடிதங்களெல்லாம் அப்படித்தான். தமிழ் போஸ்டரைக் காட்டினால் "இது என்னாடா, கோழி கிளறுன மாதிரி" என்பார்.

நான் பள்ளிப் படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் திரிந்த காலம். மச்சான் ஒரு பாட்டுக் குழு சேர்த்தார். அவர் புல்புல்தாரா, நான் ஆர்மோனியம், கோவிந்தன் என்று ஒரு வண்டிக்காரர் டோலக். எழுத்து வேலை முழுதும் என் தலையில். உருதுப் பாட்டை அவர் சொல்லச் சொல்ல நான் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதுவேன். பாதி வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. இன்றைக்கும் உருதுவில் குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. அந்தப் பாட்டு மட்டும் கல்வெட்டு மாதிரி உள்ளே கிடக்கிறது.

எழுதியவர் யாரென்று மச்சானுக்கும் தெரியாது. ஜெயிலில் கிடந்தவர் என்பார். பாட்டு ஒரு வாசற்காவல்காரனைப் பார்த்துப் பாடுவது. வாசற்காரனே, சாவி உன் இடுப்பில் தொங்குகிறது, அழகாக இருக்கிறது, ஆனால் கதவைச் செய்த தச்சன் நான்தான் என்பது அதன் முதல் அடி.

"இந்தப் பாட்டெல்லாம் மொத வரியில கெஞ்சுற மாதிரி இருக்கும் மாப்ள. மூணாவது வரியில சட்டையப் புடிக்கும்" என்பார் மச்சான். உருதுப் புரட்சிக் கவிதையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. காதலியிடம் குழைகிற அதே வார்த்தைகளை எடுத்து ஆட்சியாளன் முன்னால் வைத்துவிடுவார்கள். கேட்கிறவன் தலையாட்டிக்கொண்டே வந்து, எந்த இடத்தில் முஷ்டியை உயர்த்தினோம் என்று தெரியாமல் உயர்த்தியிருப்பான்.

3

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு வெளியே கரும்பு வண்டிகள் வரிசையில் நிற்கும் வண்டிப்பேட்டை ஒன்று உண்டு. முறை வர ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். கரும்பு காயும், மாடு படுத்துவிடும், ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் மேடை அதுதான். கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவர்களும் வந்து உட்காருவார்கள்.

முதலில் உருதுவில் ஒரு அடி. பிறகு அதே மெட்டில், மச்சான் சொன்ன அர்த்தத்தை வைத்து நான் எழுதிய தமிழ். "சாவி ஒன் இடுப்புல, கதவ செஞ்சது நாங்க" என்று ஆரம்பிக்கும். பெரிய கவிதை ஒன்றுமில்லை. ஆனால் மெட்டு சுமந்துகொண்டு போய்விடும். மச்சான் அவர்களுக்கு ஒரு பழக்கத்தையும் சொல்லிக் கொடுத்திருந்தார். பம்பாயில் கவிதை கேட்கிற கூட்டத்தில், ஒரு வரி பிடித்துவிட்டால் திரும்பச் சொல்லு என்று கத்துவார்களாம், பாடுகிறவன் அந்த வரியைத் திரும்பப் பாடியே ஆக வேண்டுமாம். எங்கள் ஆட்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். "இன்னொரு தபா! இன்னொரு தபா!" என்று வண்டி மேலிருந்து கத்துவார்கள். சில நாள் ஒரே வரியை ஏழு தடவை பாடியிருக்கிறோம். மாடுகள் எழுந்துவிடும்.

அவர்களுக்கு உருது அந்நியமாகவே படவில்லை. கூலி ஜாஸ்தி கேட்கிறவர்கள், நோட்டீஸை வாபஸ் வாங்கு என்கிறவர்கள், தினமும் "இன்குலாப் ஜிந்தாபாத்" என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்கள். அந்த ஜாஸ்தியும் வாபஸும் ஜிந்தாபாத்தும் எந்தப் பாஷை என்று யார் கேட்டார்கள்? மெட்டு மட்டும் எங்கெங்கோ போயிற்று. நான் இங்கே வந்து பல வருஷம் கழித்து, கம்மாபுரத்துப் பக்கம் சுரங்க வேலைக்காரர்கள் அதே மெட்டில் வேறு வார்த்தை போட்டுப் பாடுகிறார்கள் என்று கோவிந்தன் கடிதம் எழுதினார். யாருடைய மெட்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

1965 தொடக்கத்தில் மச்சான் தானே அந்தப் பாட்டோடு சேர்க்க உருதுவில் ஓர் அடி கட்டினார். அவர் வாழ்நாளில் எழுதிய ஒரே கவிதை. வாசற்காரனே, உன் மீசையில் எங்கள் கரும்பின் சாறு ஒட்டியிருக்கிறது, அதைத் துடைத்துக்கொண்டு வந்து எங்களைத் திருடன் என்று சொல், என்று வரும். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"நல்லாருக்கா மாப்ள?"

"நல்லாருக்கு மச்சான்."

"மீசைன்னதும் சிரிப்பானுவளா?"

"வுழுந்து வுழுந்து சிரிப்பானுவ."

அதைப் பெரிய கூட்டத்தில்தான் முதலில் பாட வேண்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார். வண்டிப்பேட்டையில்கூடப் பாடவில்லை. சிதம்பரத்தில் ஒரு விவசாயத் தொழிலாளர் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது.

4

எந்த நேரம் என்று யோசியுங்கள். இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் கிளம்பியிருந்த வருஷம் அது. சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு மாணவர் செத்துப் போயிருந்தார். அமளி ஓய்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. ஊரே புண்ணாக இருந்தது. எனக்கும் அந்தப் போராட்டத்தில் முழுச் சம்மதம். நானும் கடலூரில் ஊர்வலத்தில் போனவன்தான்.

ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்க ஒரு வாரம் முன்னால் நான் பஸ் ஏறி அங்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பாட்டுகளை எழுதிக் கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் என்ன மொழி என்று பாரத்தில் போட வேண்டும். ரைட்டர் வயதானவர், அலுத்துப் போனவர். இன்றைக்கு எனக்கு அவரை நன்றாகப் புரிகிறது.

"உருதா? உருது பாத்துச் சொல்ல இங்க ஆளு இல்ல தம்பி. மெட்ராசுக்கு எழுதிப் போடணும். பத்து நாளு ஆவும்."

"கூட்டம் அடுத்த வாரம் சார்."

"இந்தின்னு போடு. வடக்க பட்டாளத்துல இருந்த ஏட்டு ஒருத்தர் இருக்காரு. அவரு ஒரு பார்வ பாத்துட்டு முடிச்சுடுவாரு. ரெண்டும் ஒண்ணுதான?"

ரெண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வருஷம், அந்த ஊரில், அந்த வார்த்தையை ஒரு பாரத்தில் எழுதுவது என்ன காரியம் என்றும் தெரியும். ஆனால் யார் பார்க்கப் போகிறார்கள், ஸ்டேஷனுக்குள் கிடக்கப் போகிற காகிதம்தானே என்று நினைத்தேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. இந்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கூட்டம் நடத்தியவர்கள் அனுமதியின் நகலை வாங்கி அப்படியே அச்சகத்தில் கொடுத்துவிட்டார்கள். கூட்டத்தன்று மாலை நாலு மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கினோம். கையில் ஒரு நோட்டீஸ் திணித்தார்கள். "நெல்லிக்குப்பம் குழுவினரின் தமிழ், இந்திப் புரட்சிப் பாடல்கள்."

மச்சானும் நோட்டீஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம பேரு போட்டிருக்கானா?" என்று கேட்டார்.

"போட்டிருக்கான் மச்சான்."

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷம். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத் தமிழ் மட்டும் பாடுவோம் என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும் அல்லவா?

தமிழ்ப் பாட்டுக்கு நல்ல கைதட்டல். உருது ஆரம்பித்ததும் பின்வரிசையில் மாணவர்கள் எழுந்தார்கள். "இந்தி ஒழிக!" மச்சான் அது பொதுவாகப் போடுகிற கோஷம் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டே பாடினார். அவருடைய சொந்த அடிக்கு வந்தார். மீசை என்ற வார்த்தை வந்ததும் நிறுத்தி, தன் மீசையைத் தொட்டுக் காட்டிவிட்டு, சிரிப்புக்காக ஒரு கணம் காத்திருந்தார். கல் வந்தது. ஒன்று புல்புல்தாராவில் பட்டுக் கம்பிகள் தெறித்தன. இன்னொன்று அவர் நெற்றியில்.

ஒரு மாணவன் மேடையேறி நோட்டீஸை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அழுகிற குரல் அவனுக்கு. "செத்தவன் என் ரூம்மேட்டுங்க. இந்த ஊர்ல வந்து இந்தி பாடுறீங்களே, நியாயமா?"

உருது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பையன் கேட்டுக்கொண்டிருப்பான். கேட்கிற முகம்தான் அது. ஆனால் நோட்டீஸில் ஏன் அப்படி இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். நான் சொன்னது இது: "எனக்குத் தெரியாதுங்க. அவரு பாடுறாரு, நான் பொட்டி வாசிக்கிறேன்."

திரும்பும் பஸ்ஸில் மச்சான் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். புவனகிரி தாண்டியபின்தான் பேசினார்.

"அந்தப் புள்ள ஒங்கிட்ட என்னாடா சொன்னான்?"

"பாட்டு புடிக்கலியாம் மச்சான்."

அதற்குப் பிறகு மச்சான் பாடவில்லை. கூட்டத்தில் மட்டுமல்ல, கல்யாண வீட்டில்கூடப் பாடவில்லை. லாத்தா கெஞ்சியும் பாடவில்லை. கோவிந்தனுக்கு நோட்டீஸ் விஷயம் தெரியும். சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். சொல்லாமலே அவரும் மவுத்தாகிவிட்டார். நான் இரண்டு வருஷத்தில் இங்கே வந்துவிட்டேன். கப்பலேறும்போது மச்சான் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். "எனக்கு எதுக்கு, நீ வச்சுக்க" என்றார்.

5

ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கு வருவோம். பெயர் சனா. அவளும் நண்பர்களும் கிட்டார், டிரம்ஸ் வைத்துக்கொண்டு ஊர்வலங்களில் பாடுகிற குழுவாம். அகதிகளுக்காக, போரை எதிர்த்து, வாடகை உயர்வை எதிர்த்து. பழைய மில் பாட்டு, யாரோ எழுதியது என்று சொல்லி இதே பாட்டைப் போன வாரம்கூடப் பாடினார்களாம். போனை எடுத்துக் காட்டினாள். மெட்டு கொஞ்சம் மாறியிருந்தது, ஆனால் அதேதான். டிரம்ஸ் விழுகிற இடம் கோவிந்தனின் டோலக் விழுந்த இடம். ஐயாயிரம் மைலும் அறுபது வருஷமும் தாண்டி வந்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என்னைப் பிடித்துவிட்டது.

நான் நிறுத்தாமல் கடைசி அடியையும் சொன்னேன். மீசை வந்ததும் சனா பக்கென்று சிரித்துவிட்டாள். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த அடி எங்களிடம் இல்லையே! யார் எழுதியது? இன்னொரு முறை சொல்லுங்கள், அங்கிள்."

இன்னொரு தபா. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்து எரிகிறதா என்று நர்ஸ் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அந்த அடியைப் பாட அனுமதி வேண்டும், எழுதியவர் பெயரைச் சொல்லிப் பாட வேண்டும், எழுதி அனுப்ப முடியுமா என்று சனா கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்று நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன். ஒன்பது நாள் போனை எடுத்து எடுத்து வைத்தேன்.

6

பத்தாம் நாள் கூப்பிட்டேன். லாத்தா எடுத்து, சாப்பாடு, மூட்டு வலி, மழை எல்லாம் விசாரித்துவிட்டு மச்சானிடம் கொடுத்தாள். அவருக்கு எண்பத்தெட்டு வயது. காது நன்றாகக் கேட்கிறது. பல் இல்லை.

சனாவைப் பற்றிச் சொன்னேன். கிட்டார், ஊர்வலம், அனுமதி, எல்லாம்.

"மீசைக்கு சிரிச்சிச்சா அந்தப் பொண்ணு?"

"சிரிச்சிச்சு மச்சான். நல்லா சிரிச்சிச்சு."

"அங்க சிரிக்கணும்னுதான்டா வச்சேன்" என்றார். பிறகு மெதுவாக, "செதம்பரத்துல ஒருத்தனும் சிரிக்கல."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பாரம், ரைட்டர், நான் எழுதிய வார்த்தை, கையெழுத்து, நோட்டீஸ், அந்த மாணவன் கேட்டது, நான் சொன்னது, பஸ்ஸில் சொன்ன பொய். ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்ப பாட்டு நல்லா இல்லன்னு அடிக்கல?"

"இல்ல மச்சான்."

"அந்தப் புள்ள பாட்டு புடிக்கலன்னு சொல்லல?"

"சொல்லல மச்சான். நான் சொன்னது அது."

"நாம என்னாமோ பெரிய புடுங்கி மாதிரி ஒரு அடி கட்டி, ஜெயில்ல கெடந்த பெரியவரு பாட்டக் கெடுத்துட்டோம்னு நெனச்சேன்டா. இத்தினி வருஷமா." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு மச்சான்."

லாத்தா பக்கத்தில் என்ன என்ன என்று கேட்பது காதில் விழுந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண் கேட்டிருக்கிறாள், நோட்டைப் பார்த்து அந்த அடியை இன்றைக்கே எழுதி அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். நீ எழுதாத" என்றார் ரஹீம் மச்சான். "அந்தப் பொண்ணு நம்பரக் குடு. நானே பாடிக் காட்டிக்கிறேன். நீ எழுதுனா வேற பாஷையாப் பூடும்."